மறதி எப்போது நோயாகிறது? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது ஆகிறது. ஒரே செய்தியை அரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை கேட்கிறார். வீட்டு வரவு செலவைப் பல ஆண்டுகளாக எழுதி வந்தவர், இப்போது கணக்கு நோட்டைத் தொடுவதே இல்லை. வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்கிறார்கள் உறவினர்கள். இது அந்த மறதிதானா?

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மூப்பில் குறைவது பெரும்பாலும் நினைவுக்குக் கொண்டுவரும் வேகம்தான். தெரிந்தவரின் பெயர் உடனே வாயில் வராது. சற்று நேரம் கழித்துத் தானாக வந்துவிடும், அல்லது யாராவது முதல் எழுத்தைச் சொன்னால் பிடிபட்டுவிடும். மூளைச் செல்கள் படிப்படியாக அழியும் அல்சைமர் நோயின் தொடக்கத்தில் நடப்பது வேறு. புதிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி முதலிலேயே பாதிக்கப்படுவதால், காலையில் தொலைபேசியில் பேசியது பதிவாகாமலே போய்விடுகிறது. பதிவாகாததை எத்தனை குறிப்புக் கொடுத்தாலும் நினைவூட்ட முடியாது. உங்கள் தாயார் மூன்றாம் முறை கேட்கும்போதும் அவரைப் பொறுத்தவரை அதுதான் முதல் முறை. ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று சலித்துக்கொண்டால், காரணம் புரியாமல் அவருக்குக் கோபம்தான் வரும். இளமைக்கால நிகழ்ச்சிகளை அவர் பிசகாமல் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பழைய நினைவுகள் நெடுநாள் தங்குவது இந்நோயின் இயல்பு.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கணக்கு நோட்டுதான். தடுமாறும் வேலையைத் தவறாகச் செய்து மாட்டிக்கொள்வதைவிட, சத்தமில்லாமல் விட்டுவிடுவதே பலருடைய வழக்கம். வீட்டில் இருப்பவர்களும் ‘போதும், ஓய்வெடுக்கட்டும்’ என்று அந்த வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்வதால், குறை மாதக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. பல படிகள் கொண்ட வேலைகள், அதாவது பணம் கட்டுவது, வேளை பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்வது, சமையலை வரிசை மாறாமல் முடிப்பது போன்றவைதான் முதலில் குலையும். பழகிய பாதையில் திகைத்து நிற்பது, வைத்த பொருளைக் காணாமல் பிறர் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுவது, பொருளின் பெயர் வராமல் ‘அது, இது’ என்றே பேச்சை நகர்த்துவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவையே.

நினைவும் சிந்திக்கும் திறனும் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறைவதை டிமென்ஷியா என்கிறோம். அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் நோயால் வருவது. மற்ற வகைகள் மறதியில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில், நினைவு நன்றாக இருக்கும்போதே கூச்சமும் பரிவும் குறைந்து குணம் மாறும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும், கனவு கண்டபடியே தூக்கத்தில் கைகால்களை உதறுவதும் லூயி பாடி என்ற வகையைச் சுட்டும்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம், மறதியெல்லாம் டிமென்ஷியா அல்ல என்பதே. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகக் கசிந்த இரத்தம் ஆகியவையும் இப்படியே தோற்றமளிக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சில தூக்க மாத்திரைகளும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும்கூட நினைவை மந்தமாக்கும் என்பதால், அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது, ஓராண்டுக்கு முன் அதே வேலையை எப்படிச் செய்தார் என்று எழுதி வைத்த ஒரு தாள், மருத்துவருக்கு ஸ்கேனுக்கு இணையாகப் பயன்படும்.

கேள்வி: எனக்கு 46 வயது. அறைக்குள் போனதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. டிமென்ஷியாவின் தொடக்கமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தான் மறந்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு தனியே வருபவரைவிட, ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் உடன் வந்தவரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பவரைப் பற்றியே மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். தூக்கக் குறைவும் கவலையும் பல வேலைகளை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வதும் கவனத்தைச் சிதறடிக்கும். கவனிக்காதது நினைவில் நிற்காது. ஆனாலும் இளம் வயது என்பது முழுப் பாதுகாப்பு அல்ல. இந்நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-இல் விவரித்த நோயாளி 1901-இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. உங்கள் பணியில் பிழைகள் கூடுவதாக உடன் வேலை செய்பவர்கள் சொன்னால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் மருத்துவரிடம் வர மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? அங்கே என்ன செய்வார்கள்?

பதில்: தன் குறையை உணரும் திறனையே இந்நோய் பறித்துவிடக்கூடும் என்பதால், அவர் மறுப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சான்றுகளைக் காட்டி வாதிட்டால் பகைதான் மிஞ்சும். பொய் சொல்லி அழைத்துப் போவதையும் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அடுத்த முறை அவர் உங்களை நம்ப மாட்டார். இரத்த அழுத்தம், காது, தூக்கம் என்று அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லை ஒன்று இருக்கும். அதற்காகப் போகலாம், மறதியைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அங்கே 30 மதிப்பெண்ணுக்குச் சில கேள்விகள் இருக்கும். கடிகாரம் வரைந்து பதினொன்று மணி பத்து நிமிடத்தைக் காட்டச் சொல்வார்கள். எண்களையெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கி எழுதுபவர்கள் உண்டு. பெரிய முள்ளை 2-க்கு நேராக வைக்காமல், ‘பத்து’ என்று காதில் விழுந்ததால் 10-க்கு நேராக வைப்பவர்களும் உண்டு. படிப்பு குறைந்தவர்களுக்கு மதிப்பெண் இயல்பாகவே குறையலாம் என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் பார்ப்பார்கள்.

கேள்வி: நேற்று வரை தெளிவாக இருந்த என் பாட்டி இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் பேசுகிறார். எந்த நிபுணரைப் பார்ப்பது?

பதில்: நிபுணருக்காகக் காத்திருக்க வேண்டாம். டிமென்ஷியா ஒரே நாளில் இப்படி வருவதில்லை. சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பு குறைவது, பக்கவாதம், புதிதாகத் தொடங்கிய மருந்து என ஏதேனும் ஒன்று பின்னால் இருக்கும். இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.