வரிசைக் கடைசியில் நிற்கும் ஜோடி என்ன செய்யலாம்?

இங்கிலாந்தின் பாரம்பரியக் குழு நடனமான இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸில், துணைகள் எதிரெதிரே நிற்கும் நீள வரிசையின் கடைசிக்கு வந்து ஒரு சுற்று நின்றபின், திரும்ப நுழையும்போது குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றாம் ஜோடிகள் (சுற்றுக்குச் சுற்று வரிசையில் கீழே இறங்குபவர்கள்; அவர்களோடு ஆடி மேலே ஏறுபவர்கள் இரண்டாம் ஜோடிகள்) பக்கம் மாறி நின்று தொடங்கும் 'இம்ப்ராப்பர்' நடனமென்றால், கடைசியை அடைந்ததுமே நீங்களும் துணையும் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். எல்லோரும் தங்கள் வழக்கமான பக்கத்திலேயே நின்று தொடங்கும் 'ப்ராப்பர்' என்றால் மாற வேண்டாம். இரண்டிலும் உங்கள் எண் மாறும்: கீழே இறங்கி வந்த ஒன்றாம் ஜோடி, இனி இரண்டாம் ஜோடியாக மேலே ஏறும்.

அப்புறம், தயவுசெய்து வரிசையை விட்டுப் போகாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போய்த் தாமதித்தால் அடுத்து வரும் ஜோடி ஆளில்லாமல் தவிக்கும். அரட்டை வேண்டாம்; பக்கத்தில் ஆடும் நால்வரைக் கவனியுங்கள், அசைவுகள் மனதில் பதிய அருமையான நேரம் இது. நிமிர்ந்து, கைகளைத் தளர்வாக விட்டு, இசையைக் கேட்டபடி நில்லுங்கள். அவர்கள் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தால் சற்று நகர்ந்து வழி விடுங்கள்.