நெய்தல் பாட்டில் குறியீடு தேடும் தம்பிக்கு

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பி.ஏ. தமிழ், முதலாண்டு. அப்பா கடலுக்குப் போகிறவர், அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "சங்கப் பாடலைக் கொடுத்து மையக்கருத்து, குறியீடு, பாத்திரப் படைப்பு பற்றி எழுதச் சொல்கிறார்கள். நோட்ஸில் இருப்பதை எழுதினால் 'இது உன் வாசிப்பா?' என்று சிவப்பு மையில் வருகிறது. நானாக யோசித்து எழுதினால் 'ஆதாரம் எங்கே?' என்று வருகிறது. எது குறியீடு, எது வெறும் வர்ணனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை பக்கம் எழுதினால் சரியாக இருக்கும்?"

இரண்டு சிவப்பு மையும் நியாயமானதுதான் தம்பி, கோபப்படாதீர்கள். நோட்ஸ்காரர் முடிவை மட்டும் தருகிறார், அங்கே வந்து சேர்ந்த வழியைத் தருவதில்லை. நீங்கள் தனியாக யோசிக்கும்போதும் நேராக முடிவுக்குத் தாவிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டில் மரம் வந்தவுடன் "இது எதற்குக் குறியீடு?" என்று கேட்பதுதான் கோளாறு. முதலில் அது மரமாகவே இருக்கட்டும், என்ன மரம், எங்கே நிற்கிறது, யார் நட்டது, இப்போது அதைப் பற்றிப் பேசுகிறவருக்கு என்ன வேண்டும், இவ்வளவும் பார்த்தபிறகு குறியீடு இருந்தால் அதுவாகவே வெளியே வரும்.

நற்றிணை 172ஐ எடுத்துக்கொள்வோம், உங்கள் பாடத்தில் இல்லாவிட்டாலும் படியுங்கள். தோழி தலைவனிடம் பேசுகிறாள். சிறுவயதில் கூட்டாளிகளோடு விளையாடும்போது வெள்ளை மணலில் ஒரு புன்னைக்கொட்டையை அழுத்திப் புதைத்தோம், அப்படியே மறந்துபோய்விட்டோம், அது முளைத்தது, பிறகு நெய் கலந்த பாலை ஊற்றி வளர்த்தோம், 'உங்களைவிட இதுதான் உயர்த்தி, இது உங்களுக்குத் தங்கச்சி' என்று அம்மா சொன்னாள், அதனால் இதன் கீழே நின்று உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, நீ மனம் வைத்தால் வேறு நிழல்களும் உண்டு. இவ்வளவுதான் பாட்டு.

நோட்ஸ் இதற்கு என்ன சொல்லும்? 'இயற்கையை உறவாகப் போற்றிய தமிழர் பண்பு.' தப்பில்லை, ஆனால் பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்கிற பேச்சு. பாட்டின் அடியில் சின்ன எழுத்தில் துறைக்குறிப்பு (யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுகிறார் என்ற குறிப்பு) போட்டிருப்பார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பகலில் வந்து சந்தித்துவிட்டுப் போகும் தலைவனிடம் தோழி வரைவு கடாயது என்று இருக்கும், அதாவது கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று நெருக்குவது. இப்போது மறுபடி பாட்டைப் படியுங்கள். கல்யாணம் என்ற சொல்லே அதில் இல்லை! இடத்தை மாற்றலாமா என்று மட்டும்தான் அவள் கேட்கிறாள். நேரே கேட்டால் இவன் ஓடிவிடுவான் அல்லது சாக்குச் சொல்வான் என்று தெரிந்த பெண், மரத்தைக் காட்டிப் பேசுகிறாள். தோழி எப்படிப்பட்டவள் என்று பாத்திரப் படைப்புக் கேள்வி வந்தால் இதுதான் பதில், 'அறிவுடையவள், அன்புடையவள்' என்று அடுக்க வேண்டியதில்லை.

சரி, மரத்துக்கு வருவோம். உங்களுக்கு மதுரைப் பையனுக்கோ சென்னைப் பையனுக்கோ இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. புன்னைக்கொட்டை எவ்வளவு கெட்டி என்று உங்கள் கைக்குத் தெரியும், அதை உடைக்கக் கல் வேண்டும், மணலில் போட்டால் அவரைவிதை மாதிரி நாலு நாளில் எட்டிப் பார்க்காது. 'காழ்' என்று புலவர் சொல்வது அந்தக் கெட்டியான விதையைத்தான். அப்புறம் தண்ணீர். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புகிற நம் கடற்கரையில், ஒரு செடிக்குத் தண்ணீர்கூட இல்லை, நெய் விட்ட பாலை ஊற்றினார்கள் என்றால் அது எவ்வளவு செல்லம்! நகரத்து உரையாசிரியர் இதை எழுதாமல் விடலாம், நீங்கள் விடக்கூடாது.

இப்போது வரிசையைப் பாருங்கள்: விளையாட்டாகப் புதைத்தது, மறந்துபோனது, தானாக முளைத்தது, அதன்பிறகு பாலூற்றி வளர்த்தது. இந்தக் காதலும் அப்படித்தானே வந்திருக்கும்? விளையாட்டாகத் தொடங்கி, யாரும் கவனிக்காமல் வேர்விட்டு, இனி யாராவது பொறுப்பெடுத்து வளர்க்க வேண்டிய கட்டத்தில் நிற்கிறது. மரத்துக்கு அம்மா முறை சொல்லிவிட்டாள், உனக்கும் எங்கள் வீட்டில் ஒரு முறை வேண்டாமா என்று தோழி கேட்காமல் கேட்கிறாள். இது என் வாசிப்பு. ஆனால் இதற்கு 'மறந்தனம்' என்ற சொல்லும் 'நுவ்வை' என்ற சொல்லும் கைகொடுக்கின்றன (நுவ்வை என்றால் உங்கள் தங்கை). உங்கள் ஆசிரியர் கேட்கிற ஆதாரம் இதுதான், பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் காட்ட முடிந்தால் போதும்.

அதே பாட்டில் வலம்புரிச் சங்கும் வருகிறது, புதிதாக வந்த பாணர்களின் மெல்லிசைபோல ஒலிக்கிறது என்று. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களைக் கேட்டால் வலம்புரி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். சங்கு மங்கலப் பொருள், ஆகவே கல்யாணக் குறியீடு என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் பாட்டு அதைப் பாணர் இசையோடு ஒப்பிடுகிறதே தவிர மணவீட்டோடு சேர்க்கவில்லை. அதனால் 'என்றும் கொள்ளலாம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். புன்னைக்கு இருக்கிற பலம் சங்குக்கு இல்லை. பாட்டு எந்தப் பொருளின்மேல் அதிக வரிகளைச் செலவழிக்கிறதோ அதில்தான் நீங்களும் மையைச் செலவழிக்க வேண்டும்.

இன்னொரு பாட்டு, இது நம் கடற்கரைக்கே சொந்தமானது. அகநானூறு 70, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. 'வென்வேற் கவுரியர் தொன்முது கோடி' என்று அதில் வரும். கவுரியர் என்றால் பாண்டியர், அந்தக் கோடி தனுஷ்கோடிதான் என்று பலர் கொள்கிறார்கள். கரையில் இராமன் ஓர் ஆலமரத்தடியில் மறையான ஆலோசனைக்காக மரத்தின் ஒலியை அடக்கினான், அந்த ஆலமரம்போல இந்த ஊரும் ஓசை அடங்கிவிட்டது என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். ஊரில் என்ன ஓசை? இவர்களைப் பற்றிய வம்புப் பேச்சு. கல்யாணம் கூடிவந்ததும் அத்தனை வாயும் மூடிக்கொண்டது.

இங்கேதான் மாணவர்கள் வரிசையாக வழுக்கி விழுகிறார்கள். நெய்தல் (கடற்கரை) திணை, உரிப்பொருள் (அந்தத் திணைக்குரிய உணர்வு) இரங்கல் என்று படித்திருப்பார்கள், உடனே 'தலைவி பிரிவால் இரங்குகிறாள்' என்று எழுதிவிடுவார்கள். இந்தப் பாட்டில் அழுகையே கிடையாது, சந்தோஷச் செய்தி! திணை நிலத்தையும் மனநிலையையும் பற்றிய ஒரு பொது எதிர்பார்ப்பு, குறிப்பிட்ட பாட்டு அதை அப்படியே கேட்டு நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கடைசியில் 'அழுங்கல் ஊர்' என்று வேறு வருகிறது, பார்த்தால் அழுவதுபோல இருக்கும். அங்கே அழுங்கல் என்றால் ஆரவாரம், சத்தம் நிறைந்த ஊர் என்று பொருள். அதேபோலப் 'பௌவம் இரங்கும்' என்பதிலும் கடல் வருத்தப்படவில்லை, ஒலிக்கிறது. ஆக, ஊர் அடங்கிவிட்டது, கடல் மட்டும் முழங்கிக்கொண்டிருக்கிறது. அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டால் பாட்டே தலைகீழாகிவிடும்.

இன்னொரு விஷயம். ஆலமரத்தில் சத்தம் போட்டவை பறவைகள் என்று உரைகளில் இருக்கும். பாட்டு வரியைத் தேடிப் பாருங்கள், பறவை என்ற சொல் அங்கே இல்லை. 'பல்வீழ் ஆலம்', பல விழுதுகள் கொண்ட ஆல், அவ்வளவுதான். அந்திநேரத்தில் ஆலமரத்தடியில் நின்றவனுக்குப் பறவையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று புலவர் விட்டுவிட்டார். சொல்லாமல் விட்டது எது என்று குறித்துக்கொள்வதும் ஆய்வுதான்.

இந்தப் பாட்டின் தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரதவருக்கு (மீனவர்களுக்கு) நல்ல மீன்பாடு, புலால் வாடை வீசும் சின்னக் குடியிருப்பு, 'குறுங்கண் அவ்வலை' என்று சிறுகண் வலையைப் பாராட்டி அயிலை மீனைப் பங்கு வைக்கிறார்கள். இது வெறும் வர்ணனையா? கரைவலை இழுத்துப் பங்கு பிரிக்கும் இடத்தில் நின்றிருப்பீர்கள், மீன்பாடு அமைந்தால் வாடையை மறைக்க முடியுமா, யாருக்கு என்ன கிடைத்தது என்று ஊருக்கே தெரியாமல் போகுமா? சிறுகண் வலையில் பொடிமீன்கூடத் தப்பாது, இந்தச் சின்ன ஊரில் பெண்கள் கண்ணிலிருந்தும் எதுவும் தப்பாது. அடுத்த வரிகளிலேயே 'அலர்வாய்ப் பெண்டிர்' வந்துவிடுகிறார்கள் பாருங்கள். அலர் என்றால் வெளிப்படையாகப் பரவிய வம்பு, அதற்கு முந்திய குசுகுசுப்பு அம்பல். வர்ணனையும் விஷயமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வலிந்து கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி என்றதும் நமக்கு 1964 டிசம்பர் புயல்தான் முன்னால் வரும், உடைந்த மாதா கோயிலும் மணல் மூடிய ரயில் பாதையும். 'ஒலி அவிந்தன்று' என்ற வரியைப் படித்துவிட்டு 'அழிவின் குறியீடு' என்று எழுதத் தோன்றும், ஒரு மாணவர் என்னிடம் அப்படியே எழுதிக் கொடுத்தார், படிக்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது அவருடைய துக்கம், பாட்டின் துக்கம் இல்லை. பாட்டின் அமைதி கல்யாண வீட்டுக்கு முந்திய நிம்மதி. உங்கள் மனதில் எழுந்ததைத் தனிப் பத்தியில், 'இன்று இதைப் படிக்கும் எனக்கு' என்று தொடங்கி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பாத்திரப் படைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அகப்பாடலில் தலைவன், தலைவி, தோழி யாருக்கும் பெயர் கிடையாது, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியமே தடை போட்டிருக்கிறது. அதனால் அவர்கள் பேசும் விதம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். காப்பியத்துக்கு வந்தால் பெயர், ஊர், கதை எல்லாம் உண்டு, அங்கே ஒருவர் மற்றவரை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பாருங்கள். சிலப்பதிகாரக் கானல்வரி இதற்கு ரொம்பப் பொருத்தம். புகார்க் கடற்கரையில் கோவலன் வேறொருத்தியை நினைப்பதுபோல ஒரு பாட்டுப் பாடுகிறான், மாதவியும் அதற்கு ஈடாக வேறொருவனை நினைப்பதுபோலப் பாடுகிறாள். கோவலன் அவள் பாட்டைப் பாட்டாக எடுத்துக்கொள்ளாமல், பாடியவளின் மனசே அதுதான் என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். மோசமான வாசகன்! பாட்டில் பேசுகிறவரும் புலவரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு எழுதும் ஒவ்வொரு விடைத்தாளிலும் ஒரு கோவலன் உட்கார்ந்திருக்கிறான்.

அதே காப்பியத்தில் சிலம்பைக் குறியீடு என்று எழுதச் சொன்னால் அந்தப் பொருளின் பின்னாலேயே நடந்து போங்கள். கணவனைப் பிரிந்திருந்த கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை. அவன் திரும்பி வந்ததும் 'சிலம்பு உள கொண்ம்' என்கிறாள். மதுரையில் ஒன்று அவன் கையில் விற்பனைக்குப் போகிறது, மற்றது அவள் கையில் வழக்குக்குப் போகிறது, அரசவையில் உடைகிறது. காலில் கிடக்க வேண்டிய நகை கதை முழுக்கக் காலுக்குத் திரும்பவே இல்லை. இதை எழுதினாலே இரண்டு பத்தி வந்துவிடும். பாண்டியன் தன் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான், நம் மன்னார் வளைகுடாவில் அந்நாளில் குளித்தெடுத்த முத்து பாண்டியர் செல்வம், அவளுடையதில் இருப்பது மாணிக்கம். பரல் (சிலம்புக்குள் இருக்கும் மணி) மாறியது அவன் அரசையே கேள்வி கேட்டுவிட்டது.

மையக்கருத்தைக் கடைசியில் எழுதுங்கள், அதுவும் ஒரு முழு வாக்கியமாக. 'காதல்' என்பது தலைப்பு, கருத்து ஆகாது. 'ஊர் வாயை அடைக்கக் கல்யாணம் ஒன்றே வழி என்று தோழி நம்புகிறாள்' என்பது கருத்து, அதைப் பாட்டைக் காட்டி ஏற்கவும் மறுக்கவும் முடியும்.

பக்கக் கணக்கு கேட்டீர்களே, தேர்வுத்தாளில் நேரம் எவ்வளவோ அவ்வளவு. வீட்டுப் பாடமாக இருந்தால் இரண்டரைப் பக்கம் தாராளம். நோட்ஸைப் பாட்டை மூன்று தடவை சத்தமாகப் படித்தபிறகு திறங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அப்பா கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து அகநானூறு 70ஐ அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அந்த வலையைப் பற்றியும் அயிலையைப் பற்றியும் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.