கறுப்பினப் பெண்களின் 'சொராரிட்டி' என்றால் என்ன? அதற்கு ஊர்க்கிளை எதற்கு?

சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் அமைத்துக்கொள்ளும் சகோதரிச் சங்கம். பெயர் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. முன்னின்றவர் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி. கறுப்பினப் பெண்களுக்கென்று அமைந்த முதல் சொராரிட்டி இதுதான். கமலா ஹாரிஸும் ஹோவர்டில் படித்தபோது இதில் சேர்ந்தவர்.

கல்லூரியில் ஒரு கிளை. படிப்பு முடித்தவர்களுக்கு அந்தந்த ஊரில் வேறு கிளை. கல்யாணமாகி ஊர் மாறினாலும் தாய்வீட்டு உறவு விட்டுப்போகாதே, அதுபோலத்தான்.

இந்தச் சங்கம் செய்ததில் என்னை நெகிழவைப்பது அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியில் நடத்திய மருத்துவ முகாம். 1935 முதல் 1942 வரை, கோடைக்காலங்களில், டாக்டர் டாரதி ஃபெரிபீ தலைமையில் நடந்தது. அங்கே பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பினக் குத்தகைக் கூலிகள் முகாமுக்குப் போக நில உடைமையாளர்கள் விடவில்லை. சங்கத்துப் பெண்கள் சளைக்கவில்லை. மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டு பருத்திக்காட்டுக்கே போனார்கள். குழந்தைகளுக்குப் பெரியம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள்.

பலர் நினைப்பதுபோல சொராரிட்டி பட்டம் வாங்கியதும் கலைந்துபோகிற கேளிக்கைக் கூட்டம் அல்ல. உறுப்பினராவது ஆயுள் முழுவதற்கும்.