மருந்தடித்த ஆப்பிளில் காடி போடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மார்க்கெட்டில் மருந்தடித்து, மெழுகு பூசிய ஆப்பிள்தான் கிடைக்கிறது. அதில் வீட்டிலேயே ஆப்பிள் காடி (வினிகர்) தயாரிக்கலாமா? தோலையும் நடுப்பகுதியையும் ஊறவைத்தாலே போதும் என்கிறார்களே?”

தயாரிக்கலாம். ஆனால் தோலை ஊறவைக்கும் முறை, மருந்தடிக்காத பழத்துக்கு உரியது. பூச்சிமருந்தின் எச்சம் பெரும்பாலும் தங்குவது தோலில்தான் என்பதால், நீங்கள் தோலைச் சீவி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பசோடாவை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால், சோதித்த இரண்டு மருந்துகளும் பழத்தின் மேற்பரப்பிலிருந்து நீங்கியதாக மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கண்டார்கள். தோலுக்குள் இறங்கிவிட்டது நீங்கவில்லை. ஆகவே முதலில் ஊறவைத்துக் கழுவி, பிறகு சீவுவதே முறை.

தோல் போனால் அதிலுள்ள ஈஸ்ட்டும் போய்விடுமே என்ற ஐயம் எழலாம். கழுவி, மெழுகு பூசி, குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த பழத்தின் ஈஸ்ட்டை நம்புவதற்கில்லை. பேக்கரி ஈஸ்ட்டில் கால் டீஸ்பூன் சேர்த்துவிட்டால் கவலையில்லை.

விதைகளை நீக்கிவிட்டு (மிக்ஸியில் அரைபட்டால் சயனைடு வெளிப்படும்), அழுகிய பழங்களையும் ஒதுக்கிவிட்டு, 2 கிலோ பழத்தை அரைத்துப் பிழிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். தண்ணீர் சேர்க்காதீர்கள், காடி நீர்த்துப்போகும். சாற்றைக் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் முக்கால் அளவுக்கு ஊற்றி, ஈஸ்ட்டைக் கலந்து, பழ ஈ நுழையாதபடி வேட்டித்துணியால் வாய்கட்டுங்கள். இறுக மூடினால் ஜாடி வெடிக்கக்கூடும். ஒரு வாரம், பத்து நாள் நுரைத்து அடங்கும்.

நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பதநீர் கள்ளாகாமலிருக்கத்தான். இங்கும் நடப்பது அதே நொதித்தல். இந்நிலையிலேயே நிறுத்திக் குடிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், நுரை அடங்கியதும் வடிகட்டி, கடையில் விற்கும் வடிகட்டாத ஆப்பிள் காடியில் 200 மில்லியைச் சேர்த்துவிடுங்கள். பிறகு வேண்டியது காற்று. ஆறு முதல் எட்டு வாரத்தில் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வரும். மேலே வழவழப்பாகப் படியும் வெண்ணிற ஆடை ‘காடியின் தாய்’, அதாவது காடியாக்கும் பாக்டீரியாக்களின் படலம். பஞ்சுபோல் பச்சையாகவோ கருப்பாகவோ பூத்தால், சற்றும் யோசிக்காமல் அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் இதைத் தொடங்க வேண்டாம். காஷ்மீர் ஆப்பிள் மலிந்து, நம் பக்கம் மழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையே ஏற்றது. கடைக் காடியில் குறைந்தது 3.75 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் காடியின் அளவு தெரியாது என்பதால், அதைச் சமையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊறுகாயைக் கெடாமல் காக்க நம்பாதீர்கள்.