வட அமெரிக்காவின் என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீகில் எல்லா ஆட்டத்துக்கும் கட்டாமல், பொறுக்கி எடுத்துப் பந்தயம் கட்டினால் லாபம் வருமா?

நஷ்டம் குறையும், அது நிச்சயம். லாபம் வருமா என்பது எதை வைத்துப் பொறுக்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

நான் காட்பாடிக்காரன். டொராண்டோவில் இருக்கும் மச்சானால் ஒட்டிக்கொண்ட கிறுக்கு இது. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை.

முதலில் கணக்கு. ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் முதலோடு சேர்த்து எவ்வளவு கைக்கு வரும் என்பதுதான் பந்தயத்தின் ‘விலை’. சமபலமான இரண்டு அணி மோதினால் பந்தய நிறுவனம் இரு பக்கமும் 2.00 தராது, 1.91 மாதிரிதான் தரும். அப்படியென்றால் நூற்றுக்கு 52.4 தடவை ஜெயித்தால்தான் போட்ட முதலாவது திரும்பும். 32 அணி, அணிக்கு 82 ஆட்டம் என்று 2025-26 சீசனில் லீக் சுற்றிலேயே 1,312 ஆட்டங்கள். தினமும் கட்டுகிறவர் தினமும் அந்த வித்தியாசத்தைத் தண்டம் அழுகிறார். வாங்கியே தீரணும் என்று நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு யார் விலை குறைப்பார்கள்?

எதைப் பொறுக்குவது? என்னைக் கேட்டால் கோலியை, அதாவது கோல்கீப்பரைப் பாருங்கள். இரண்டு அணியும் சேர்ந்தே சராசரியாக ஆறு கோல்தான் விழும் ஆட்டம் இது. வலைக்கு முன்னால் நிற்கிற ஒருத்தர் மாறினால் விலையே மாறும். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் இருந்தால் ஒரு நாள் இரண்டாவது கோலியை இறக்குவது வழக்கம். யார் நிற்பார் என்பது பெரும்பாலும் ஆட்ட நாள் காலைப் பயிற்சியில் தெரியும், அதாவது நமக்கு ராத்திரி டிபன் நேரத்தில். அந்தச் செய்தி விலையில் ஏறும் முன் பிடித்தால் ஒரு காரணம் இருக்கிறது. ஏறிவிட்டதா, அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். ‘தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க’ என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி, அது விலையில் எப்போதோ ஏறியிருக்கும்.

ஒன்றரை கோல் வித்தியாசப் பந்தயத்தில், அதாவது நாம் கட்டிய அணி இரண்டு கோலாவது கூடப் போட்டு ஜெயிக்கணும் என்கிற பந்தயத்தில், இன்னொரு கூத்து உண்டு. கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் பின்தங்கிய அணி கோலியை வெளியே அழைத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். காலி வலைக்குள் பக் என்கிற ரப்பர் வட்டு வழுக்கிப் போகும், 3-2 என்பது 4-2 ஆகும். அறுபது நிமிடம் நீங்கள் போட்ட கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாலு ஆட்டத்தைக் கோத்துக் கட்டும் பார்லே பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் கமிஷனும் ஒன்றோடு ஒன்று பெருகும்.

இதெல்லாம் டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் இருப்பவருக்கு. அங்கே 2022 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று நடத்துகின்றன. இங்கே 2025 மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடுத்துவிட்டது. விபிஎன் போட்டுக் கட்டலாமே என்பவர்களுக்கு: 1872 ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது.

நான் நோட்டில் எழுதுவதோடு சரி. தேர்ந்தெடுத்த நேரத்து விலை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறிப்பேன். 2.10க்கு எடுத்தது 1.95 ஆகியிருந்தால், தோற்றாலும் தேர்வு சரி. சீசன் முழுக்க அது எதிர்ப்பக்கமே நகர்ந்தால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். மச்சானிடமும் சொன்னேன். தலையாட்டுவான். 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அவன் ஊர் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ் ஆடுகிறது என்றால் மட்டும் கோலி யார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிவிடுவான்.