மதமதக்கும் பாதம்: சர்க்கரையா, பி12 குறைவா?

கேள்வி: எனக்கு 58 வயது, சைவ உணவு. 11 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்கு தினமும் பேன்டோப்ரசோல். ஆறு மாதமாக இரண்டு பாதங்களிலும் மதமதப்பு, இரவில் எரிச்சல். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 168 பிகோகிராம். மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா? சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதே நரம்புகள்தான் இன்னும் கெடும். மாத்திரை தொடரட்டும், பி12-ஐத் தனியாகக் கொடுத்து ஈடுகட்டலாம். ஆனால் இனியும் நாள் கடத்தக் கூடாது. 200-க்குக் கீழே இருப்பது தெளிவான குறைவு.

உங்களிடம் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும், அதைப் பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும். பேன்டோப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்து வரும் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும், அங்கே மெட்ஃபார்மின் இடையூறு செய்கிறது. சைவ உணவில் வரவே குறைவு. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான கையிருப்பு இருப்பதால் இதெல்லாம் உடனே வெளியே தெரிவதில்லை. நாளுக்கு 1500 மில்லிகிராமுக்கு மேல், நாலைந்து ஆண்டுகளைத் தாண்டி மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். கிளிமெபிரைடு, வில்டாகிளிப்டின், சிடாகிளிப்டின் போன்ற வேறு சர்க்கரை மருந்துகளோடு மெட்ஃபார்மின் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. தாங்கள் மெட்ஃபார்மின் எடுப்பதே தெரியாதவர்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கீரை, பருப்பு, பேரீச்சை எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 கிடைக்காது. சைவத்தில் பால், தயிர், மோர், பனீர்தான் வழி. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கும், ஒரு நாள் தேவை 2 முதல் 2.5 வரை. நலமாக இருப்பவருக்கு இது போதலாம். கையிருப்பு தீர்ந்து, உறிஞ்சும் வழியும் தடைபட்டவருக்குப் போதாது.

நரம்பு அறிகுறி இருப்பதால் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவோம். 1000 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்பது வழக்கமான முறைகளில் ஒன்று. உங்களுக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பிறகு தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாறலாம். இவ்வளவு பெரிய அளவு ஏன் என்றால், அதில் சுமார் 1 சதவீதம் குடல்சுவர் வழியாகத் தானாகவே கசிந்து உள்ளே போகும். அந்த 10 மைக்ரோகிராமே தேவைக்கு மேல். சாதாரண மல்டிவைட்டமினில் சில மைக்ரோகிராம்தான் இருக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

கடையில் ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்குவதில்தான் தவறு நடக்கிறது. சிலவற்றில் பிரீகாபலின் என்ற நரம்புவலி மருந்து சேர்ந்திருக்கும், தூக்கமும் தள்ளாட்டமும் வரும். சிலவற்றில் பி6 100 மில்லிகிராம் இருக்கும், மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே பாதத்தை மரத்துப்போக வைக்கும். ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

உங்கள் மதமதப்பு முழுக்க பி12-ஆல்தானா என்று இப்போதே பிரித்துச் சொல்ல முடியாது. 11 ஆண்டு சர்க்கரைக்கும் அதில் பங்கு இருக்கலாம். கண்ணை மூடி முகம் கழுவும்போதோ இருட்டில் நடக்கும்போதோ தள்ளாடினால் பி12 பக்கம் சந்தேகம் வலுக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள், ரத்தசோகை இல்லாமலே நரம்பு கெடலாம். நடை தடுமாறினாலோ, மறதி கூடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சோர்வு சில வாரங்களில் குறையும். நரம்பு தேற மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தொடக்கத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடினால் பயந்து ஊசியை விட்டுவிடாதீர்கள். நரம்பு தேறும்வரை பாதத்தில் சூடு உறைக்காது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டாம்.

பேன்டோப்ரசோல் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பலர் பழக்கத்தில் தொடர்கிறார்கள். ஊசி போட்டபின் ரத்த பி12 அளவு எகிறிவிடும், அதை வைத்துக் குணமானதாக முடிவு செய்ய முடியாது. மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் இந்தக் காலத்தில் ஏமாற்றும். பி12 குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், சிகிச்சை தொடங்கிப் புதிய சிவப்பணுக்கள் வரும்போது குறைத்துக் காட்டலாம். அடுத்த மூன்று மாதம் வெறும்வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவை அதை வைத்தே அவர் மாற்றட்டும்.