பத்து நாளில் ஏ-ஸெட் எடுக்கலாமாம்

எனக்கு எழுதிய ஒரு தம்பி கேட்டிருந்தது இதுதான். கனடா வந்து எட்டு மாதம், ஸ்காபரோவில் மச்சான் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார், வவுனியாவில் ஆறு வருடம் லொறி ஓட்டினவர். மச்சானுக்குத் தெரிந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் பாதிக் காசுக்கு, பத்து நாளில் ஏ-ஸெட் லைசன்ஸுக்கு (ஏ என்றால் பெரிய ட்ரெயிலர் இழுக்கிற லொறி, ஸெட் என்றால் காற்றுப் பிரேக்) ஆளை ஆயத்தப்படுத்தி விடுகிறார்களாம். சட்டப்படி பழக வேண்டிய மிச்ச மணித்தியாலங்களுக்குப் பழகாமலே கையெழுத்து வைத்தால் போதுமாம். போகலாமா அண்ணா என்கிறார். அதோடு சம்பளம் எவ்வளவு வரும், அல்பேர்ட்டாப் பக்கம் போனால் நல்லதா, அமெரிக்கா ஓடலாமா என்று இன்னும் மூன்று கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். மற்றதற்குக் கடைசியில் இரண்டு வரி போதும், மிச்சத்தை லைசன்ஸ் கையில் வந்த பிறகு பார்க்கலாம். பதில்: போகாதீர்கள். மச்சான் கோபித்தாலும் பரவாயில்லை.

அந்த மணித்தியாலக் கணக்கு சும்மா வந்ததில்லை. 2017 ஜூலை 1இலிருந்து ஒன்ராறியோவில் ஏ தர லைசன்ஸுக்கு ஓட்டப் பரீட்சை கொடுக்க முன்பு குறைந்தது 103.5 மணித்தியாலம் பழகியிருக்க வேண்டும். வகுப்பில் 36.5, யார்டில் 17, வண்டிக்குள் 50. கனடாவில் இதை முதலில் கொண்டுவந்த மாகாணம் எங்களுடையதுதான். நான் எடுத்த 2003இல் இது எதுவுமே கிடையாது. கார் ஓட்டுகிற முழு ஜி லைசன்ஸ் இருக்க வேண்டும் (இப்போதும் அப்படித்தான், அதற்கு முந்தின படியான ஜி-2வோடு ஏ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள்), கண் பரிசோதனை, டொக்டரின் மெடிக்கல் படிவம், ஒரு எழுத்துப் பரீட்சை, சனி ஞாயிறில் காற்றுப் பிரேக் வகுப்பு, அப்புறம் யாரிடமாவது ஒரு ட்ரக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் ஓடிக் காட்டினால் சரி. பரீட்சைக்காரர் எந்தத் தெருவால் கூட்டிக்கொண்டு போவார், எந்த மூலையில் திருப்பச் சொல்வார் என்பதுகூட எங்களுக்குப் பாடம். நான் பழகினது அந்த நாலு தெருவைத்தான். லொறியை இல்லை.

அதன் விளைவைச் சொல்கிறேன், வெட்கமான கதைதான்.

லைசன்ஸ் எடுத்து ஐந்தாவது கிழமை. எங்கள் ஆள் ஒருவருடைய கம்பனி, பெயர் வேண்டாம். ஜனவரி மாதம், இரவு பதினொரு மணி, மைனஸ் இருபது இருக்கும். யார்டில் நிற்கிற ஐம்பத்து மூன்று அடி ட்ரெயிலர் ஒன்றைக் கொழுவிக்கொண்டு மொன்றியல் போக வேண்டும். ரிவேர்ஸில் போய் ட்ரெயிலருக்கு அடியில் வண்டியை விட்டேன், 'டக்' என்று சத்தம் கேட்டது, கொழுவி விட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் ஏர் லைன் இரண்டையும், கரண்ட் வயரையும் பூட்டி, ட்ரெயிலரை முன்னால் தாங்கி நிற்கிற இரும்புக் காலைச் சுற்றி மேலே தூக்கினேன். கை விறைத்துப் போய்விட்டது. லொறிகளை அனுப்புகிற டிஸ்பாச்சில் இருந்தவர் ஜன்னலைத் திறந்து, இன்னும் போகவில்லையா என்று கத்துகிறார். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டு ஒரு பத்தடி நகர்த்தியிருப்பேன். பின்னால் வீடு இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். ட்ரெயிலர் மூக்குக் குத்திக் கிடக்கிறது, ஏர் லைன் அறுந்து பாம்பு மாதிரி சீறுகிறது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கிறேன்.

என்ன நடந்தது என்றால், ட்ரெயிலர் கொஞ்சம் உயரமாக நின்றிருக்கிறது. அதனால் கிங்பின் (ட்ரெயிலரின் அடியில் இருக்கிற இரும்பு முளை) ஃபிப்த் வீலின் (லொறியின் முதுகில் இருக்கிற பூட்டுத் தட்டு) தாடைக்குள் போகாமல் அதற்கு மேலே ஏறி இருந்திருக்கிறது. காலைத் தூக்க முன்பு ட்ரெயிலர் பிரேக்கைப் பிடித்தபடி முன்னுக்கு ஒருக்கால் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் போதாது, இறங்கி, டோர்ச் அடித்து, அடியில் குனிந்து, தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிறதா, தட்டுக்கும் ட்ரெயிலருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் பிழை. இதற்கு இரண்டு நிமிடம் போகும். நான் பார்க்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. பரீட்சைக்குப் போன அன்று ட்ரெயிலர் ஏற்கனவே பூட்டித்தான் நின்றது.

யார்டுக்குள் விழுந்ததால் ஒருவர் உயிரும் போகவில்லை. 401 நெடுஞ்சாலையில் விழுந்திருந்தால்? முதலாளி 2,400 டொலரை நாலு சம்பளத்தில் வெட்டினார். அது கொடுமைதான், ஆனால் அந்த நேரம் நான் வாயே திறக்கவில்லை.

நீங்கள் ஊரில் ஓட்டின அனுபவத்தைச் சொல்லியிருந்தீர்கள். அது உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். நானும் கிளிநொச்சியில் பெட்டி பூட்டின உழவு இயந்திரம் ஓட்டினவன்தான், அதனால் எந்தப் பக்கம் ஸ்டியரிங் வெட்டினால் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்பது கையில் ஊறிக் கிடந்தது. ரிவேர்ஸ் எடுப்பதில் இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் முழித்துக்கொண்டு நின்றபோது நான் இரண்டாவது முறையே சரியாக விட்டேன் என்பதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். குட்டிப் பெட்டி சட்டென்று மடங்கும், ஐம்பத்து மூன்று அடி ஆறுதலாக மடங்கும், ஆனால் மடங்கத் தொடங்கினால் திருத்த இடம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஊர் அனுபவம் கெடுக்கிற இடங்களும் உண்டு. அங்கே இடப்பக்கம் ஓட்டின கண் இது. வலப்பக்கம் திரும்பும்போது ட்ரெயிலரின் பின் சில்லு உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வரும், மூலையில் நடைபாதையில் நிற்கிற ஆளை வலது கண்ணாடியில் பார்த்தபடிதான் திரும்ப வேண்டும். அதைவிட மோசம், அங்கே ஹோர்ன் அடித்தால் வழி கிடைக்கும் என்ற பழக்கம். இங்கே வழியை நீங்கள்தான் முன்கூட்டியே உண்டாக்க வேண்டும்.

காற்றுப் பிரேக்கைப் பற்றி ஒன்று. பலர் ஸெட் என்பதை ஒரு எழுத்தாக நினைக்கிறார்கள், புத்தகத்தைப் பாடமாக்கிப் பாஸ் பண்ணுகிறார்கள். வண்டி நிற்கும்போது பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடிப்பதால்தான் வண்டி ஓடுகிறது. காற்று போனால் ஸ்பிரிங் தன் பாட்டில் பிடிக்கும். இது விளங்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றுக் குறைகிற எச்சரிக்கைச் சத்தம் கேட்டால் ஏன் உடனே ஓரம் கட்ட வேண்டும் என்பதும் விளங்கும். நீங்கள் கட்டாவிட்டால் வண்டியே தான் நினைத்த இடத்தில் நிற்கும். அப்புறம் குளிர். தண்ணீரில் நனைந்த பிரேக்கோடு இரவு நிறுத்தினால் காலையில் ட்ரெயிலர் சில்லு சுற்றாது, பிரேக் டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கும். தெரியாதவன் இழுத்துக்கொண்டு போய் டயரைத் தேய்த்துத் தட்டையாக்குவான். தெரிந்தவன் சுத்தியலோடு இறங்கித் தட்டுவான்.

சில்லு என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் ஒன்ராறியோவில் லொறிச் சில்லு கழன்று போய் எதிரே வந்த கார்களில் இருந்தவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு 1997இல் சட்டம் போட்டார்கள். சில்லுக் கழன்றால் தண்டம் 2,000இலிருந்து 50,000 டொலர் வரை, நான் கவனமாகத்தான் இருந்தேன் என்ற கதை எடுபடாது. ஆகவே காலையில் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதைப் படிவம் நிரப்புகிற வேலையாக நினைக்காதீர்கள். சில்லு நட்டைச் சுற்றித் துருக் கோடு வடிந்திருந்தால் அது இளகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஹம்போல்ட் விபத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவானில், ஐஸ் ஹொக்கி அணிப் பிள்ளைகள் போன பஸ். 16 பேர் செத்தார்கள், 13 பேருக்குக் காயம். இரண்டு ட்ரெயிலர் இழுத்து வந்த லொறி நிறுத்தற் பலகையில் நிற்காமல் குறுக்கே வந்திருக்கிறது. ஓட்டினவர் இந்தியாவிலிருந்து வந்த பெடியன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டு வருடச் சிறை. அந்தச் செய்தி வந்த கிழமை நான் சட்பரியில் ஒரு ட்ரக் ஸ்டொப்பில் இருந்தேன், தேத்தண்ணி வாங்கப் போன இடத்தில் என் தோலைப் பார்த்து இரண்டு பேர் கதையை நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் லொறிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது யோசித்தேன், யார்டில் ட்ரெயிலரை விழுத்தின அந்த ஐந்தாவது கிழமையில் என்னையும் ஒருவர் தனியாகத்தான் அனுப்பினார்.

இதுதான் எங்கள் ஆட்களோடு எனக்குள்ள பிரச்சினை. அரைகுறையாகப் படிப்பித்து அனுப்புகிறவரும் தமிழர், அப்படிப் படித்தவனை வேலைக்கு எடுத்து, 'தம்பி நீ ஒரு கம்பனி பதிந்துகொண்டு வா, வரி பிடிக்காமல் முழுச் சம்பளம் தருகிறேன்' என்று சொல்கிறவரும் தமிழர். (பஞ்சாபியிலும் உண்டு, வெள்ளையிலும் உண்டு, ஆனால் மற்றவன் செய்வது எங்களுக்குச் சாட்டு இல்லை.) கம்பனி பதிந்தால் விடுமுறைக் காசு இல்லை, வேலை போனால் உதவிப் பணம் இல்லை, முதுகு முறிந்தால் வேலையிட விபத்துக் காப்புறுதியும் இல்லை. அவருடைய லொறி, அவருடைய லோட், அவர் சொல்கிற நேரம், ஆனால் நீங்கள் 'முதலாளி'. கலியாண வீட்டில் இதே ஆட்கள் மைக் பிடித்துச் சமூக சேவை பற்றிப் பேசுவார்கள். பஞ்சாபிக்காரர் மீது எத்தனையோ குறை சொல்கிறோம், ஆனால் அவர்களுக்குள் புதிதாக வருகிறவனைப் பக்கத்தில் ஏற்றி மூன்று நாலு மாதம் கொண்டு திரிகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களில் லொறி ஓட்டுகிறேன் என்று சொல்லவே சிலருக்குக் கூச்சம், 'லொஜிஸ்டிக்ஸ்' என்பார்கள்.

எனக்கு ஓட்டப் பழக்கினவர் தமிழர் இல்லை. நியூஃபவுண்ட்லாந்துக்காரர், அறுபது வயது, அவருடைய இங்கிலிஷ் முதல் மாதம் எனக்கு அரைவாசிதான் விளங்கியது, என்னுடையது அவருக்கு அதைவிடக் குறைவு. இரண்டாவது கம்பனியில் இரண்டு மாதம் அவரோடு ஓட விட்டார்கள். அவர் சொல்லித் தந்தது: ரிவேர்ஸில் போகும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் பார், பார்த்துவிட்டு ஏறு, மறுபடி சந்தேகம் வந்தால் மறுபடி இறங்கு. பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். நெடுஞ்சாலை 11இல் கோக்ரேன் தாண்டி ஒரு நவம்பர் இரவு, அவர் நித்திரை என்று நினைத்தேன், சீற்றுக்குப் பின்னால் படுக்கிற பங்கிலிருந்தபடியே கேட்டார், 'முன்னுக்குப் போகிறவனின் டயரிலிருந்து தண்ணி தெறிக்கிறதா?' பார்த்தேன், கொஞ்ச நேரம் முதல் தெறித்தது, இப்போது இல்லை. ஆனால் ரோட்டு இன்னும் ஈரமாகத்தான் மினுங்கியது. ஈரம் மினுங்குகிறது, தெறிக்கவில்லை என்றால் அது உறைந்துவிட்டது. என்ஜின் பிரேக்கை நிறுத்தச் சொன்னார், அது லொறியின் பின் சில்லுகளை மட்டும் பிடிக்கும், ட்ரெயிலரைப் பிடிக்காது, வழுக்கலில் ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். அக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடு, பிரேக்கைத் தொடாதே, பாலம் வரும், பாலம்தான் முதலில் உறையும். இருபது நிமிடம் கழித்து ஒருவன் எங்களைக் கடந்து போனான். அடுத்த வளைவில் அவனுடைய ஹசார்ட் விளக்கு பள்ளத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது. கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, வண்டியை நிறுத்திவிட்டு சப்பாத்தைத் தேடினார். அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை, கையில் சின்னக் காயம். மனைவி கட்டித் தந்த புட்டும் கட்டைச் சம்பலும் இருந்தது, மூன்று பேருமாகச் சாப்பிட்டுக்கொண்டு பொலிஸ் வரும்வரை காத்திருந்தோம். கிழவருக்குக் கண்ணில் தண்ணீர், ஆனால் வழித்துச் சாப்பிட்டார்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், மாகாணப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நேரில் போய், ஒரு லொறிக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கு அரை மணித்தியாலம் ஓடவிட்டு, எல்லாருக்கும் இரண்டு மணித்தியாலம் எழுதுகிற இடங்கள் உண்டு. கொழுவுவதைத் தனியாகச் செய்ய விடுவார்களா, இரவில் ஓட விடுவார்களா என்றும் கேளுங்கள். மானுவல் கியரில் பழகுங்கள், ஆட்டோமற்றிக் கியரில் பரீட்சை கொடுத்தால் இப்போது லைசன்ஸிலேயே கட்டுப்பாடு போட்டுவிடுகிறார்கள். ஓடாத மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள், நாளைக்கு ஒன்று நடந்தால் அந்தக் கையெழுத்து உங்களுடையது.

சம்பளத்தை மைல் கணக்கில் சொன்னால், லோட் ஏற்றக் காத்து நிற்கிற நேரத்துக்கு என்ன என்று கேளுங்கள், மிச்சம் தானாக விளங்கும். அல்பேர்ட்டா எனக்குத் தெரியாத ஊர். அமெரிக்கா ஓட இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டும், இப்போது அந்தப் பக்கம் ரோட்டில் மறித்து இங்கிலிஷும் சோதிக்கிறார்கள், அதை மறந்துவிட்டு முதல் இரண்டு விண்டரை இங்கே ஓடுங்கள்.

நான் ஞாயிறு காலையில் யார்டில்தான் நிற்பேன், எங்கே என்று தனியாக எழுதுகிறேன். வெறும் ட்ரெயிலர் ஒன்று கிடக்கிறது, பத்துத் தரம் கொழுவிக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு டோர்ச்சும், நனைந்தாலும் பரவாயில்லாத ஜக்கெற்றும் கொண்டுவாருங்கள், அடியில் குனிய வேண்டியிருக்கும். மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது.